வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: எந்த மொழியைப் படித்துவிட்டுக் கிளம்புவது?

பி.எட். முடித்து, நாலைந்து வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் மதுரையில் முதலில் போய் நிற்கும் இடம் மொழி வகுப்பு. கே.கே.நகரிலும் பைபாஸ் ரோட்டிலும் ஜெர்மன், ஜப்பானிய மொழி, பிரெஞ்சு என்று போர்டு தொங்குகிறது. பணத்தைக் கட்டுகிறார்கள், ஆறு மாதம் படிக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் எந்த நாட்டில் வேலை இருக்கிறது என்று தேடுகிறார்கள். கடைசியில் கிடைப்பது மஸ்கட்டிலோ மாலத்தீவிலோ ஒரு வேலை. படித்த ஜெர்மன் அங்கே எதற்கும் ஆகாது.

நாடு முடிவான பிறகும் ஒரு தவறு நடக்கிறது. அந்த நாட்டின் ஆட்சி மொழி எதுவோ அதையே படிக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஓர் ஆசிரியருக்கு மொழி மூன்று இடத்தில் தேவைப்படுகிறது. விசாவுக்கும் ஆசிரியர் உரிமத்துக்கும் காகிதத்தில் கேட்கப்படும் மொழி ஒன்று. பாடம் நடத்தும் மொழி ஒன்று. பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது, ஸ்டாஃப் ரூமில் பேசுவது, கடையிலும் வாடகை வீட்டிலும் பேசுவது இன்னொன்று. சில நாடுகளில் மூன்றும் ஒரே மொழி. பல நாடுகளில் மூன்றும் வேறு வேறு. எதை எப்போது படிப்பது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வளைகுடாவில் இருந்து தொடங்கலாம். நம் பக்கத்து ஆசிரியர்கள் அதிகம் போவது அங்கேதான். துபாய், மஸ்கட், குவைத், தோஹா எங்கும் சிபிஎஸ்இ பள்ளிகள் உண்டு. பாடம் ஆங்கிலத்தில். அரபு பாடத்தை நடத்த அரபு ஆசிரியர்கள் தனியாக இருப்பார்கள். கணக்கோ இயற்பியலோ நடத்தப் போகிறவரிடம் யாரும் அரபு கேட்பதில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்குள் பிள்ளைகள் இடைவேளையில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தி அல்லது மலையாளம். பஸ் டிரைவரும் ஆயாவும் கேன்டீன்காரரும் இந்தியோ உருதுவோ பேசுவார்கள். ஸ்டாஃப் ரூமில் மலையாளம் ஓடும். நம் அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை என்பதால், அங்கே படித்து வந்தவருக்கு இந்தி கொஞ்சமும் தெரியாமல் இருப்பது சகஜம். அவர் போய் இறங்கியதும் திணறுவது அரபு தெரியாததால் அல்ல, இந்தி தெரியாததால்தான்.

ஆகவே வளைகுடா சிபிஎஸ்இ பள்ளி என்றால், கையில் இருக்கும் நேரத்தில் முக்கால் பங்கைப் பேச்சு இந்திக்குக் கொடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மதுரையில் இந்தி என்றாலே தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்ற தேர்வு வரிசைதான் நினைவுக்கு வரும். 1918இல் தொடங்கிய அமைப்பு. எழுத்தும் இலக்கணமும் அதில் உறுதியாக வரும். ஆனால் மூன்று தேர்வு பாஸ் செய்த பலரால் ஓர் அழுகிற பிள்ளையிடம் இந்தியில் நாலு வார்த்தை பேச முடிவதில்லை. எழுத்தைக் கற்றுக்கொண்டதும் தேர்வை விட்டுவிட்டுப் பேசிப் பழகுவது நல்லது. தமிழருக்கு இந்தியில் அதிகம் இடறும் இடம் ஒன்று: நாற்காலிக்கும் புத்தகத்துக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு; வினை அதற்கேற்ப மாறும். பேச்சில் இதைத் தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள் என்பதால் இதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்களுக்கு இந்தி தூரத்துச் சொந்தம். அவர்கள் பாதி நேரத்தில் பிடித்துவிடுவார்கள். மலையாளத்தைப் பொறுத்தவரை காது பழகினால் போதும். தினம் அரை மணி நேரம் மலையாளச் செய்தி கேட்டால் இரண்டு மாதத்தில் பேச்சைப் பின்தொடர முடியும். எழுத்து தேவையில்லை.

மீதிக் கால் பங்கு அரபுக்கு. முதலில் எண்கள். விலை, மருந்துக் காலாவதித் தேதி, பஸ் எண் என்று பல இடங்களில் அரபு இலக்கங்கள் வரும். அதில் பூஜ்யம் என்பது ஒரு புள்ளி. சிறு வட்டம் போட்டிருந்தால் அது ஐந்து. நாம் எழுதும் 7 போலத் தெரிவது ஆறு. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணை மட்டும் இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். இதைப் படிக்க ஒரு வாரம் போதும். படிக்காமல் போனால் முதல் நாளே கடையில் தடுமாறுவீர்கள்.

அரபில் ஏவல் வினையும் பால் பார்க்கும். பையனிடம் ‘உக்துப்’ என்றால் எழுது. பெண் பிள்ளையிடம் ‘உக்துபீ’ என்று சொல்ல வேண்டும். கூட்டமாகச் சொன்னால் ‘உக்துபூ’. ஆண், பெண் பள்ளிகள் தனித்தனியாக இருக்கும் இடங்களுக்குப் போகிறவர், தான் போகும் பள்ளி எது என்று தெரிந்துகொண்டு அந்த வடிவத்தை முதலில் மனப்பாடம் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

காஜிமார் தெரு, கோரிப்பாளையம் பக்கம் சிறுவயதிலேயே ஓதப் பழகியவர்களுக்கு அரபு எழுத்து புதிதல்ல. அது பெரிய முன்னிலைதான். ஆனால் ஓதும் புத்தகத்தில் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் முழுவதும் போட்டிருக்கும். செய்தித்தாளிலும் பள்ளிச் சுற்றறிக்கையிலும் அந்தக் குறில் ஒலிக் குறிகள் இருக்காது. சொல் முன்பே தெரிந்தால்தான் வாசிக்க முடியும். அதோடு ஓதும் அரபு எழுத்து வழக்கு. தெருவில் கேட்பது பேச்சு வழக்கு. பாடப்புத்தகத் தமிழுக்கும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வளைகுடாவுக்கென்று படிப்பவர் வளைகுடாப் பேச்சு வழக்கைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். எகிப்துக்காரர் நடத்தும் இணைய வகுப்பு நன்றாகவே இருந்தாலும் அங்கே காதில் விழும் சொற்கள் வேறாக இருக்கும்.

மாலத்தீவு

மாலத்தீவுப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில். அந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் மட்டும் திவேஹியில். ஆனால் இங்கே வளைகுடா மாதிரி இந்தியோ மலையாளமோ வைத்து ஓட்ட முடியாது. சின்னத் தீவு ஒன்றில் வேலை கிடைத்தால் கடைக்காரர், படகுக்காரர், பெற்றோர் எல்லோரும் திவேஹிதான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான். எனவே மாலத்தீவுக்குப் போகிறவர் திவேஹி படிக்கத்தான் வேண்டும்.

பலர் எழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். வலமிருந்து இடமாக ஓடும் ‘தானா’ எழுத்து அரபு போலத் தெரியும். உண்மையில் அது தமிழ் படித்தவருக்குப் பழகிய முறை. 24 மெய்யெழுத்து. மேலும் கீழும் போடும் 10 உயிர்க்குறி. உயிர் இல்லாத மெய்யைக் காட்ட ‘சுகுன்’ என்று ஒரு வட்டக்குறி. நாம் வைக்கும் புள்ளி செய்யும் வேலையை அது செய்கிறது. அரபில் போல உயிர்க்குறியை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே பார்த்ததைப் பார்த்தபடி வாசிக்கலாம். முதல் ஒன்பது எழுத்துகளின் வடிவம் அரபு இலக்கங்கள் 1 முதல் 9 வரை உள்ளவற்றிலிருந்து வந்தது. இலக்கங்களை முன்பே படித்தவருக்கு அந்த ஒன்பதும் பாதி தெரிந்தவைதான். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது நாளில் பெயர்ப் பலகை வாசிக்கலாம். பேச்சில் கவனிக்க வேண்டியது மரியாதை. திவேஹியில் மூன்று அடுக்கு மரியாதை வழக்கு உண்டு. மாணவனிடம் பேசும் வடிவத்தில் பெற்றோரிடம் பேசிவிடக் கூடாது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இது பிடிபடும். வகுப்பில் யாரும் சொல்லித் தராவிட்டால்தான் சிக்கல். முதல் பாடத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

மொழியே வாசலாக இருக்கும் நாடுகள்

மேலே சொன்ன இடங்களில் வேலை கிடைத்த பிறகு மொழி படித்தால் போதும். ஜெர்மனியில் அது நடக்காது. அங்கே பள்ளி ஆசிரியர் தகுதியை அங்கீகரிப்பது 16 மாநிலங்களும் தனித்தனியாகச் செய்யும் வேலை. மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாக அளக்கிறார்கள்; கேட்கப்படும் ஜெர்மன் அளவு பெரும்பாலும் கடைசி இரண்டு படிகளான சி1 அல்லது சி2. இதோடு இன்னொரு தடை: அங்கே ஆசிரியர்கள் பொதுவாக இரண்டு பாடங்களில் தகுதி பெற்றவர்கள். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். என்று ஒரே பாடத்தோடு போகிறவர் இரண்டாவது பாடத்துக்கு அங்கே மேலும் படிக்க வேண்டி வரலாம்.

மதுரையில் நடக்கும் ஜெர்மன் வகுப்புகள் பலவும் செவிலியர்களை மனதில் வைத்து நடப்பவை. அவர்களுக்கு பி1, பி2 போதும். அந்த பேட்ச்சில் சேரும் ஆசிரியர் எல்லோரோடும் சேர்ந்து பி2 முடித்துவிட்டு நின்றுவிடுகிறார். பள்ளி வேலைக்கு அந்தச் சான்றிதழ் பாதிக் கிணறுதான். சேர்வதற்கு முன்பே சி1 வரை அந்த மையத்தில் நடத்துகிறார்களா என்று கேட்க வேண்டும். ஜெர்மன் மொழியைக் கற்றுத்தரும் கதே நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 45 நிமிட வகுப்பு ஒன்று என்று வைத்தால் ஏ1 முடிக்க 80 முதல் 200 வகுப்பு, பி2 வரை மொத்தம் 600 முதல் 800, சி1 வரை 800 முதல் 1000. பள்ளி வேலையும் பார்த்துக்கொண்டு வாரம் ஆறு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர் வருடத்துக்கு ஏறக்குறைய 300 மணி நேரம், அதாவது 400 வகுப்பு அளவு முடிப்பார். சி1 தொட இரண்டு முதல் இரண்டரை வருடம். வீட்டுப்பாடம் இதில் சேரவில்லை. ஆறு மாதத்தில் ஜெர்மனி என்கிற விளம்பரத்தை ஆசிரியர்கள் நம்ப வேண்டாம்.

இங்கிலாந்துக்கு இந்தக் கவலையே இல்லை. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்ற கணிதம், அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்கள், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் தகுதி இருந்தால், க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். அங்கே படிக்க வேண்டிய மொழி ஆங்கிலம்தான். அதிலும் எழுத்தைவிடக் காது. வட இங்கிலாந்துப் பிள்ளை பேசும் ஆங்கிலம் ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வில் வருவதில்லை.

கஷ்டமான மொழி என்பது யாருக்குக் கஷ்டம்?

இணையத்தில் எங்கும் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்தது. மலாய், ஸ்வாஹிலி படிக்க 900 மணி நேரம். ஜப்பானிய மொழி, கொரிய மொழி, அரபு, சீனம் படிக்க 2200 மணி நேரம். அதே பட்டியலில் தமிழுக்கு 1100 மணி நேரம். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவருக்கு அது சரி. அதைப் பார்த்து ஒரு தமிழர் மொழியைத் தேர்ந்தெடுப்பது அடுத்தவர் அளவில் தைத்த சட்டையை வாங்குவது மாதிரி.

ஜப்பானிய மொழியை எடுத்துக்கொள்வோம். ‘வதாஷி வா மதுரை கரா கிமாஷிதா’ என்றால் நான் மதுரையிலிருந்து வந்தேன். வரிசை மாறவே இல்லை. ‘கரா’ நம் ‘இருந்து’ நிற்கும் அதே இடத்தில் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ‘தபேதே’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார்ப்பது. சாப்பிட்டுப் பார்ப்பது என்று நாம் சொல்வதை அவர்களும் அப்படியே ‘தபேதே மிரு’ என்கிறார்கள். ஆங்கிலக்காரர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இந்த எச்ச வடிவம் நமக்கு ஒரு வாரத்து வேலை. குறில், நெடில், இரட்டிப்பு மூன்றும் பொருளை மாற்றும் என்பதும் நமக்குப் பழக்கம்: ‘ஒபசன்’ என்றால் அத்தை, பகரத்தை நீட்டி ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. கொரிய மொழியின் வாக்கிய அமைப்பும் இப்படியே. நம்மையும் வருத்துவது சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்து. தினசரிப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். அவற்றை மனதில் ஏற்றக் குறுக்கு வழி கிடையாது. தினம் ஐந்து என்று வைத்தாலும் திருப்பிப் பார்ப்பதையும் சேர்த்தால் இரண்டு வருடம் ஆகும்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் நிலையில் 180க்கு 80 எடுத்தால் பாஸ். அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி நேர்காணலுக்குப் போனால் வாய் திறக்காது.

இனி தமிழ் நமக்குக் காலை வாரும் இடம். நோட்டில் புதிய மொழியைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நம் ககரம் ஒன்றே பல ஒலிக்கு நிற்பதால் அங்கே கோளாறு தொடங்குகிறது. தாய்லாந்து மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் சொல் ஏறக்குறைய ஒன்று. முட்டை என்னும்போது ககரத்தோடு மூச்சுக் காற்று வெளியே வரும், கோழிக்கு வராது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கை’. அரபில் நாயும் இதயமும் தொண்டையில் ககரம் பிறக்கும் இடத்தால் மட்டும் வேறுபடும்; தமிழில் இரண்டும் ‘கல்ப்’. நோட்டைப் பார்த்துப் படித்தவர் கடைசிவரை தப்பாகவே சொல்வார். பழைய தமிழ்ச் சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறு எண் போட்டு ஒலியைப் பிரித்துக் காட்டுவார்கள். அதையே கையாளலாம்: மூச்சொலிக்கு 2, அழுத்தமில்லாத ‘ga’ போன்ற ஒலிக்கு 3. அதைவிட நல்லது முதல் பத்து நாளிலேயே அந்த மொழியின் எழுத்துக்கு மாறிவிடுவது.

தாய்லாந்தில் ஆங்கிலம் நடத்தப் போகும் இந்தியரிடம் பொதுவாக டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண் கேட்கிறார்கள்; காகிதத்துக்கு அது போதும். அன்றாடத்துக்குத் தாய்லாந்து மொழி வேண்டும். 44 மெய்யெழுத்து, ஐந்து தொனி, சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. ஆனால் எழுத்தின் மூதாதை பல்லவர் எழுத்து. ககரத்தில் தொடங்கி நம் வரிசையிலேயே ஓடும். கெ, கே போல உயிர்க்குறி மெய்க்கு முன்னால் வரும். இங்கே நாம் தவறுவது தொனியில். கேள்வி கேட்கும்போது கடைசியில் குரலை உயர்த்துவது நம் இயல்பு. அந்த மொழியில் அப்படி உயர்த்தினால் சொல்லே மாறிவிடும்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஸ்வாஹிலி. ரோமன் எழுத்துதான், உச்சரிப்பும் நேர். தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஸ்வாஹிலியில், உயர்நிலை ஆங்கிலத்தில் என்பதால் ஆறாம், ஏழாம் வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவருக்கு இது அவசியம். ஒரு விஷயத்தில் தவறினால் வேலைக்கே ஆபத்து: ஸ்வாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழு மணி ‘ஸா மோஜா’, அதாவது ஒரு மணி. எட்டு மணி ‘ஸா ம்பிலி’, இரண்டு மணி. நம் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்து தொடங்கியதுதான். கூட்டம் இரண்டு மணிக்கு என்று யாராவது ஸ்வாஹிலியில் சொன்னால் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நூறு மணி நேரம் இருந்தால்

வேலை உறுதியான கடிதம் வந்து கிளம்பும் வரை பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் கிடைக்கும். சான்றொப்பம், மருத்துவப் பரிசோதனை, விசா அலைச்சல் போக நூறு மணி நேரம் தேறும். அதில் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது வீண். எழுத்துக்கு இருபது மணி நேரம். எண், நேரம், கிழமை, பணம் பத்து மணி நேரம். அடுத்து வகுப்பறை ஏவல்கள்: உட்கார், எழுந்திரு, வரிசையில் நில், புத்தகத்தை மூடு, தள்ளாதே, யார் செய்தது, கையைக் கழுவு. இப்படி நாற்பது வாக்கியத்துக்கு இருபத்தைந்து மணி நேரம். ஒவ்வொன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவர் இன்னொரு பத்து மணி நேரத்தைப் பிள்ளைகள் நம்மிடம் சொல்லப் போவதைக் காதால் பிடிக்க ஒதுக்க வேண்டும்: வயிறு வலிக்குது, வாந்தி வருது, பாத்ரூம் போகணும், அவன் அடிச்சிட்டான், அம்மா வேணும். பாடத்தை எவ்வளவு ஆங்கிலத்தில் நடத்தினாலும் ஆறு வயதுப் பிள்ளை வலியை ஆங்கிலத்தில் சொல்லாது. மீதி நேரம் கடை, வாடகை, மருத்துவமனை.

யாரிடம் படிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தாய்லாந்து மொழியில் ஆண் பேசினால் வாக்கியத்தின் முடிவில் ‘க்ரப்’, பெண் பேசினால் ‘கா’. ஆண் நடத்தும் காணொளியைப் பார்த்துப் படித்த ஆசிரியை வகுப்பில் போய் ‘க்ரப்’ என்று முடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஜப்பானிய மொழியிலும் ஆண், பெண் பேச்சில் வேறுபாடு உண்டு. முடிந்தவரை பெண்கள் பெண்களிடமும் ஆண்கள் ஆண்களிடமும் கேட்டுப் பழகுவது நல்லது.

நேர்காணலில் பள்ளிக்காரர்களிடம் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: எனக்குத் தரப்போகும் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? பெற்றோர் கூட்டம் எந்த மொழியில் நடக்கும்? வகுப்பில் உதவியாளர் உண்டா, அவர் என்ன பேசுவார்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் எந்த மொழி என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கடைசியாக, இனிப் படிக்கப் போகும் மொழியைவிட முன்பு எந்த மொழியில் படித்தோம் என்பதைப் பார்க்கும் நாடுகளும் உண்டு. ஜப்பானில் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தத் தரப்படும் ‘பயிற்றுநர்’ விசாவுக்கு, குறைந்தது 12 வருடம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்துவிட்டு, பிறகு கல்லூரியில் ஆங்கில வழியில் ஐந்து வருடம் படித்தவருக்கு அந்தக் கணக்கு நிறையாது. அவர் ஜப்பானிய மொழியில் எவ்வளவு தேர்ந்தாலும் அந்த விசாவுக்கு அது ஈடாகாது. மெட்ரிக் பள்ளியில் படித்தவர்கள் அதைச் சான்றிதழோடு நிரூபிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்குத் தமிழ் வழிச் சான்று வாங்குவது போல, ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும் வரை படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆங்கில வழியில் படித்ததாகச் சான்று, வகுப்பும் வருடமும் குறிப்பிட்டு, முத்திரையோடு வாங்க வேண்டும். இடையில் பள்ளி மாறியவர்கள் எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். பள்ளி மூடப்பட்டோ நிர்வாகம் கைமாறியோ இருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும் என்பதால், மொழி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இந்தச் சான்றுகள் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.